இரண்டு சீட்டுக் காலத்தின் எம்.பி.: எல்.இளையபெருமாள்

நெய்வேலி நகரியத்தில் வாக்களிப்பவர்கள் இன்று கடலூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறார்கள். ஒருவருக்கு ஓர் ஓட்டு, ஓர் உறுப்பினர். ஆனால் 1952 ஜனவரியில், நெய்வேலியில் நிலக்கரி வெட்டத் தொடங்காத, கம்பும் கேழ்வரகும் முந்திரியும் மட்டுமே விளைந்த காலத்தில், கடலூர் நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குச்சாவடிக்குப் போன நம் தாத்தா பாட்டிகளின் கையில் எம்.பி. தேர்தலுக்கென்று இரண்டு வாக்குச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. ஒரே தொகுதிக்கு இரண்டு எம்.பி.க்கள். ஒருவர் பொது இடத்துக்கு, மற்றவர் பட்டியலின மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு. அப்படித் தனி இடத்தில் வென்று டெல்லிக்குப் போனவர் காட்டுமன்னார்கோயில் எல்.இளையபெருமாள். அப்போது அவருக்கு வயது 27.

இன்றைக்கு கல்லூரி மாணவர்களிடம் இளையபெருமாள் பெயரைச் சொன்னால் சிலருக்கு அவர் பெயர் தாங்கிய அறிக்கை தெரிகிறது. சிலருக்குக் காங்கிரஸ் தலைவர் என்று தெரிகிறது. அவர் நின்று வென்ற தொகுதிகளின் கதை பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. மூன்று முறை நாடாளுமன்றம் சென்றார். மூன்று முறையும் வேறு வேறு தொகுதி. அந்த மூன்றில் ஒன்றுகூட அன்றிருந்த வடிவில் இன்று இல்லை. ஒரு தலித் தலைவரின் காலடியில் நிலம் எப்படி நகர்ந்துகொண்டே இருந்தது என்பதை இதிலிருந்து பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

இளையபெருமாள் பிறந்தது 1924 ஜூன் 26. ஊர் காட்டுமன்னார்கோயில். வீராணம் ஏரி பாயும் நெல் வயல் பூமி அது. ஏரித் தண்ணீர் எல்லாருடைய வயலுக்கும் பாயும். வயல் எல்லாருக்கும் இல்லை. சேரியில் பிறந்தவர்கள் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள், அறுத்தார்கள், களத்தில் அடித்துக் கொடுத்தார்கள். ஊரில் சாவு விழுந்தால் பறை அடிக்க அவர்களைத்தான் அழைத்தார்கள். மாடு செத்தால் இழுத்துப் போட அவர்களைத்தான் அழைத்தார்கள். கூலி கேட்டு வாங்கும் வேலை அல்ல அது. அழைத்தால் போயே தீரவேண்டிய கட்டாயம்.

அவர் படித்த பள்ளியைப் பற்றி இந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் ஒரு கதை உண்டு. பள்ளியில் குடிதண்ணீருக்கு இரண்டு பானைகள். ஒன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு, ஒன்று சேரிப் பிள்ளைகளுக்கு. சேரிப் பிள்ளைகளின் பானை மட்டும் அடிக்கடி உடைந்து கிடக்கும். புதுப் பானை வைப்பார்கள், அதுவும் உடையும். யார் உடைக்கிறார்கள் என்று காவல் வைத்துப் பார்த்தபோது சிக்கியவர் சிறுவன் இளையபெருமாள். தலைமையாசிரியர் விசாரித்தார். எதற்காக எங்களுக்குத் தனிப் பானை என்று பையன் திருப்பிக் கேட்டான். அதன் பிறகு அந்தப் பள்ளியில் ஒரே பானைதான் என்பார்கள். இதில் நம்மைக் கவர்வது உடைத்ததைவிட, எந்தப் பானையை உடைத்தான் என்பதுதான். ஊர்ப் பிள்ளைகளின் பானையில் அவன் கை வைக்கவில்லை. தனக்கென்று வைத்ததை வேண்டாம் என்றான்.

அதே காலத்தில் பக்கத்திலே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916 முதல் நந்தனார் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார். தென்னார்க்காட்டின் தலித் பிள்ளைகள் பலர் முதன்முதலாகப் பலகையும் புத்தகமும் கண்டது அங்கேதான். சகஜானந்தர் கல்வி வழியே போனார். அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த இளையபெருமாள் சேரி சேரியாகப் போய், பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம் என்று சொல்ல வைக்கும் வேலையைக் கையில் எடுத்தார். சொல்வது சுலபம். மறுநாள் காலை வயல் வேலை கிடையாது, பொது வழியில் நடக்க முடியாது, கடையில் சாமான் கிடைக்காது. பிழைப்பும் மானமும் ஒன்றோடொன்று மோதும் இடம் அது. அந்த மோதலைத் தெரிந்தேதான் அவர் இறங்கினார்.

இனி அந்த இரட்டைத் தொகுதிக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1932-இல் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. தாழ்த்தப்பட்ட மக்களே தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி என்ற அம்பேத்கரின் கோரிக்கை, காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பின் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகப் பொதுத் தொகுதிகளுக்குள்ளேயே ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. மாகாண சட்டசபைகளில் மொத்தம் 148 இடங்கள். அதில் சென்னை மாகாணத்துக்கு 30. விடுதலைக்குப் பின் வந்த அரசியல் சட்டமும் இந்த அடிப்படையையே எடுத்துக்கொண்டது. 1952 தேர்தலில் நாடு முழுவதும் 86 நாடாளுமன்றத் தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. கடலூர் அதில் ஒன்று.

ஓட்டுப் போடும் முறையே வேறு. சீட்டில் சின்னத்துக்கு நேரே முத்திரை குத்துவது அப்போது இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியில் அவருடைய சின்னம் ஒட்டியிருக்கும். படிக்கத் தெரியாத வாக்காளர் சின்னம் பார்த்துச் சீட்டைப் பெட்டிக்குள் போட வேண்டும். இரட்டைத் தொகுதி வாக்காளருக்கு இரண்டு சீட்டு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடக்கூடாது. எண்ணும்போது முதலில் பட்டியலின வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவரைத் தனி இடத்துக்கு வென்றவராக அறிவிப்பார்கள். பிறகு மீதமிருக்கும் எல்லாரிலும் யார் அதிக ஓட்டு வாங்கினாரோ அவருக்குப் பொது இடம்.

கடலூரில் என்ன நடந்தது தெரியுமா? பொது இடத்தில் வென்றவர் என்.டி.கோவிந்தசாமி கச்சிராயர். அவர் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்காரர். எஸ்.எஸ்.இராமசாமி படையாட்சியார் வன்னிய மக்களைத் திரட்டி அமைத்த கட்சி அது. தென்னார்க்காட்டில் அந்தத் தேர்தலில் காங்கிரசை ஒரு கை பார்த்த கட்சி. தனி இடத்திலோ காங்கிரஸ் வேட்பாளர் இளையபெருமாள் வென்றார். ஒரே தொகுதி, ஒரே நாள் ஓட்டு, இரண்டு கட்சி. இந்த மாவட்டத்தின் இரு பெரும் உழைக்கும் மக்கள் திரளின் அரசியலும் ஒரே தொகுதியின் பெயரில் டெல்லிக்குப் போனது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு இவ்விரு மக்களையும் எதிரெதிரே நிறுத்திய தேர்தல்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

இரட்டைத் தொகுதியை நாம் பொற்காலமாகக் காட்டவில்லை. அதன் கசப்பை அம்பேத்கரே சுவைத்தார். அதே 1952 தேர்தலில் பம்பாய் வடக்கு இரட்டைத் தொகுதியின் தனி இடத்தில் அவர் நின்றார். அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவர், சட்ட அமைச்சராக இருந்தவர். அவரைக் காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கர் ஏறக்குறைய 15 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். தனி இடத்துக்கு யார் வருவது என்பதைச் சேரி மட்டும் தீர்மானிக்கவில்லை, ஊரும் சேர்ந்தே தீர்மானித்தது. ஊருக்குப் பிடிக்காத தலித் தலைவர் வெல்வது கடினம். பூனா ஒப்பந்தத்தின் போதே அம்பேத்கர் அஞ்சியது இதற்குத்தான். இளையபெருமாள் போன்றவர்கள் காங்கிரஸ் வண்டியில் ஏறியதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம்.

1957-இல் தொகுதி எல்லை மாறியது. கடலூர் ஒற்றை உறுப்பினர் தொகுதியாகிவிட்டது. சிதம்பரம் இரட்டைத் தொகுதி ஆனது. இளையபெருமாள் அங்கே நின்று ஆர்.கனகசபைப் பிள்ளையுடன் சேர்ந்து வென்றார். இருவருமே காங்கிரஸ். அதே ஆண்டு ஆந்திரத்தில் பார்வதிபுரம் என்ற இரட்டைத் தொகுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒதுக்கீட்டு இடம், பொது இடம் இரண்டிலுமே பழங்குடி வேட்பாளர்கள் வந்துவிட்டார்கள். பொது இடத்தில் தோற்றவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி. அவர் வழக்குப் போட்டார். பழங்குடியினர் பொது இடத்துக்கும் உரியவரே, விதிப்படி வென்றது செல்லும் என்று 1959-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டே ஆண்டில், 1961-இல், இரட்டைத் தொகுதிகளையே ஒழித்துச் சட்டம் வந்தது. பெரிய தொகுதியில் வேட்பாளர் அலைய முடியவில்லை, செலவு அதிகம் என்ற காரணங்களும் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒதுக்கீட்டுக்காரர் பொது இடத்திலும் வரலாம் என்று நீதிமன்றம் சொன்ன சூட்டோடு சூடாக அந்தக் கதவு சாத்தப்பட்டதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அதற்குப் பின் தனித் தொகுதி தனியாக, பொதுத் தொகுதி தனியாக நின்றன. பொதுத் தொகுதியில் தலித் நிற்கச் சட்டத் தடை இல்லை. எந்தக் கட்சி நிறுத்துகிறது என்பதை நெய்வேலி வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

1962-இல் இளையபெருமாள் திருக்கோவிலூர் தனித் தொகுதியில் வென்றார். இந்தத் தொகுதிதான் விந்தையானது. 1957-இல் இல்லை. 1967-இல் இல்லை. ஒரே ஒரு பொதுத் தேர்தலுக்கு மட்டும் இருந்து மறைந்த தொகுதி. 1967-இல் சிதம்பரம் தனித் தொகுதியாகியது. இன்றுவரை அப்படியே இருக்கிறது. அந்த ஆண்டு தி.மு.க. அலையில் சிதம்பரத்தில் வி.மாயவன் வென்றார். இளையபெருமாளின் நாடாளுமன்ற வாழ்வு திருக்கோவிலூரோடு முடிந்தது.

அவர் எம்.பி.யாக இருந்த அந்த 15 ஆண்டுகளில்தான் நெய்வேலியும் பிறந்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த ஆண்டு மின்சாரம் வந்தது. பொதுத்துறை நிறுவனம் என்பதால் இடஒதுக்கீடு உண்டு. அந்த வழியில் சேரியிலிருந்து கிளம்பிய பல குடும்பங்கள் நகரியத்தின் வட்டங்களில் குவார்ட்டர்ஸ் வாங்கிக் குடியேறின. ஊரில் இல்லாத ஒன்று அங்கே கிடைத்தது: அடுத்தடுத்த வீடு, ஒரே குழாய்த் தண்ணீர். அதே வேளையில் நிலம் எடுப்பு என்று வந்தபோது இழப்பீடு பட்டா வைத்திருந்தவருக்குத்தான். அந்த நிலத்தில் பரம்பரையாக உழைத்த கூலிக்காரருக்கு நிலமும் போயிற்று, வேலையும் போயிற்று. காட்டுவதற்குக் காகிதம் இல்லை. இன்று சுரங்க விரிவாக்கம் பற்றி நடக்கும் பேச்சுகளிலும் இந்தப் பிரச்சினை தீர்ந்தபாடில்லை.

இளையபெருமாள் பெயரை நாடு முழுவதும் அறிய வைத்தது 1965-இல் மத்திய அரசு அமைத்த குழு. பட்டியலின மக்களின் தீண்டாமை, பொருளாதார, கல்வி நிலை குறித்து ஆராய்வது அதன் வேலை. தலைவர் இளையபெருமாள். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் நிறைவேறியபோது அவர் மக்களவை உறுப்பினர். பத்து ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டம் கிராமத்துக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க அவரையே அனுப்பினார்கள்.

வரவில்லை என்பதுதான் கண்ட உண்மை. மாநிலம் மாநிலமாகக் குழு போனது. கிணறு தனி, டீக்கடைக் குவளை தனி, கோயில் வாசல் அடைப்பு, முடிவெட்ட மறுப்பு. தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த இளையபெருமாளுக்கு இதில் எதுவும் புதிதல்ல. குழு தன் பணியை முடிக்கும் தறுவாயில், 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி. குழுவின் அறிக்கை 1969-இல் அரசிடம் கொடுக்கப்பட்டது.

அந்த அறிக்கையின் பலன் இரண்டு இடத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஒன்று, சட்டம். 1955 சட்டத்தின்படி தீண்டாமைக் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது. நீதிமன்றம் நினைத்தால் அபராதத்தோடு விட்டுவிடலாம். நீதிமன்ற அனுமதியோடு ராஜியும் செய்துகொள்ளலாம். ராஜி என்றால் கிராமத்தில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். புகார் கொடுத்தவர் மறுநாள் யார் வயலுக்கு வேலைக்குப் போக வேண்டும்? புகாரில் பெயர் உள்ளவர் வயலுக்குத்தான். பஞ்சாயத்து கூடும், கேஸ் வாபஸ் ஆகும். இந்த ஓட்டையை அடைக்க வேண்டும், தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று குழு கேட்டது. 1976-இல் சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறி, அந்த ஆண்டு நவம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது ஒரு மாதச் சிறை கட்டாயம். சிறையும் அபராதமும் சேர்ந்தே வரும். ராஜி கிடையாது. புகாரை வேண்டுமென்றே விசாரிக்காமல் விடும் அரசு ஊழியரும் குற்றத்துக்கு உடந்தை. இந்த நான்கையும் கிராமத்து மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் இந்தச் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. காவல் நிலையத்தில் இதன் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள்தான் குறைவு.

இன்னொன்று, கோயில். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து, தகுதியும் பயிற்சியும் உள்ள எந்தச் சாதியினரும் அர்ச்சகராக வழி செய்ய வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. இந்தப் பரிந்துரையைக் காரணம் காட்டித்தான் கலைஞர் அரசு 1970-இல் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1972-இல் வந்த சேஷம்மாள் வழக்குத் தீர்ப்பு பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. ஆகமக் கட்டுப்பாட்டை மட்டும் விட்டுவைத்தது. அந்தக் கட்டுப்பாட்டோடு மல்லாடி, பயிற்சி பெற்ற பல சாதியினரும் 2021 ஆகஸ்டில் பணி ஆணை பெறும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. பெரியாரின் கோரிக்கை என்று இதை எல்லாரும் அறிவார்கள், அது சரியே. அதற்கு அரசு ஆவணம் என்ற பலத்தைக் கொடுத்தது காட்டுமன்னார்கோயில்காரர் ஒருவர் தலைமையிலான குழு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிற்காலத்தில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவராக இருந்தார். 1980-இல் சென்னை எழும்பூர் தனித் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனார். பின்பு காங்கிரசிலிருந்து விலகி இந்திய மனித உரிமைக் கட்சி என்று தனிக் கட்சி கண்டார். 1987 சாலை மறியல் போராட்டத்துக்குப் பின் வடமாவட்டங்களில் சேரிகள் தாக்குதலுக்கு ஆளான காலம் அது. பெரிய கட்சியின் நிழலில் 35 ஆண்டு இருந்தவர், அறுபதைத் தாண்டிய வயதில் அந்த நிழலை விட்டு வெளியே வந்தார். கட்சி மாவட்டம் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. ஆனால் சொந்த மண்ணான காட்டுமன்னார்கோயிலில் அதன் வேட்பாளர் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். பெரிய கட்சிச் சின்னம் இல்லாமலும் தலித் கட்சி ஒரு தனித் தொகுதியில் வெல்லலாம் என்று இந்த மாவட்டம் அப்போதே பார்த்துவிட்டது. பத்தாண்டு கழித்துச் சிதம்பரத்தில் எழுந்த விடுதலைச் சிறுத்தைகளின் தேர்தல் அரசியல் அந்த நிலத்தில்தான் காலூன்றியது. திருமாவளவன் 1999-இல் முதன்முதலாகப் போட்டியிட்டதும், 2009-இல் முதன்முதலாக மக்களவைக்கு வென்றதும் சிதம்பரத்தில்தான்.

இளையபெருமாள் 2005 செப்டம்பரில் காலமானார். நூற்றாண்டை ஒட்டிச் சிதம்பரத்தில் தமிழ்நாடு அரசு அவருக்கு நினைவரங்கம் கட்டியிருக்கிறது. நெய்வேலியிலிருந்து பேருந்து ஏறினால் அரை நாளில் பார்த்துத் திரும்பலாம்.

தொகுதிகள் மீண்டும் மாறப்போகும் காலம் நெருங்குகிறது. 2008 மறுவரையறையில்தான் நெய்வேலி என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதியே உருவானது. அடுத்த மறுவரையறை பற்றிய பேச்சு நாடெங்கும் நடக்கிறது. தமிழ்நாட்டுக்கு எத்தனை இடம் குறையும் என்பதே எல்லாருடைய கவலையாக இருக்கிறது. தனித் தொகுதிகள் எங்கே எப்படி வரையப்படும் என்பது பேச்சில் அடிபடுவதே இல்லை. நாடாளுமன்ற, சட்டமன்ற ஒதுக்கீடு முதலில் பத்தாண்டுக்கு என்றுதான் எழுதப்பட்டது. பத்துப் பத்தாண்டாக நீட்டி, இப்போது 2030 ஜனவரி 25 வரை என்று நிற்கிறது.